ஏழாவது கட்டம்

நவம்பர் 8, சனி

நாலாவது வாரமாக மழை. ஹேங்கர் கூரை ஐந்து இடங்களில் ஒழுகுகிறது. ஹேங்கர், அதாவது விமானக் கொட்டகை என்பது நாங்கள் வைத்துக்கொண்ட பெயர். முன்பு இது கொப்பரைக் கிடங்கு. வெளியே இருக்கும் ஓடுதளம் ஒரு நூற்பாலை முதலாளி தன் சொந்த விமானத்துக்காகப் போட்டது. அவர் போய், விமானமும் போய், புல் முளைத்துக் கிடந்ததை டாக்டர் மரகதம் குத்தகைக்கு எடுத்தார்.

டாக்டருக்கு அறுபத்து மூன்று வயது. உடுமலையில் பல் வைத்தியம். பகலில் பல் பிடுங்கி, மாலையில் மரம் இழைத்து, ஒன்பது வருடத்தில் இரண்டு பேர் உட்காரும் மர விமானம் ஒன்றைத் தன் கையாலேயே கட்டினார். அது பறக்கிறது. கட்டியவரே ஓட்டுகிறார். அதைப் பராமரிப்பது நான்கு வருடமாக என் வேலை. பெங்களூர்த் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் கிடைக்காத மரியாதை இந்தத் தகரக் கொட்டகையில் கிடைக்கிறது. இங்கே மேலதிகாரிகள் இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஜன்னலோரம் மட்டும் நனையாத இடம். ஆனால் புரொப்பெல்லரின் ஒரு பிளேடு அங்கே குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தது. போன மாதம் நடுவிலேயே அதைக் கால் சுற்றுத் திருப்பி, செங்குத்தாக நிறுத்திவிட்டேன். என் சாய்வு நாற்காலி கச்சிதமாக உட்கார்ந்தது. பிளாஸ்கில் காபி, மடியில் புத்தகம், தகரத்தில் மழை. குறை சொல்ல ஒன்றும் இல்லை. இதை எழுதும்போது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

நிறுத்திவைத்த விமானத்துக்கென்று நானே தயாரித்த வாரச் சீட்டு ஒன்று உண்டு. பதினொரு கட்டங்கள். இதே போல ஒன்று வேண்டுமென்று 2003இல் தொழிற்சாலையில் எழுதிக் கொடுத்தேன். எழுதியவன் திருவேங்கடம் என்பதால் குப்பைக் கூடைக்குப் போயிற்று. நவம்பர் மாதத்துக்கான சீட்டுகள் எல்லாவற்றையும் இன்றே நிரப்பி வைத்துவிட்டேன். டயர் காற்று, எண்ணெய், பாட்டரி, எலித் தொல்லை, புரொப்பெல்லர் கிடைமட்டம், எல்லாம் சரி.

நவம்பர் 15

மழை. நாற்காலி. ஒரு நாவலை முடித்தேன். முடிவு சரியில்லை.

நவம்பர் 22, சனி

டாக்டரம்மா குடையோடு வந்தார். வாசலில் நின்றபடியே என்னைச் செல்போனில் படம் பிடித்தார்.

"அசையாதீங்க சார். மகாராசா மாதிரி உக்காந்திருக்கீங்க."

பிறகு விஷயத்துக்கு வந்தார். ஜனவரி 24ஆம் தேதி வருடாந்திரச் சோதனை. தேறினால்தான் மேலும் ஒரு வருடம் பறக்கலாம். ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகன் இரண்டு வருடமாக விற்கச் சொல்லிக்கொண்டிருக்கிறான். மைசூரில் ஒருவர் வாங்கத் தயாராக இருக்கிறாராம்.

"இந்தத் தடவ சோதனையில பெயிலாச்சுன்னா குடுத்தர்றேன்னு பையங்கிட்ட வாக்குக் குடுத்துட்டேனுங்க. பாஸாச்சுன்னா எழுபது வயசு வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு அவன்கிட்ட வாக்கு வாங்கிட்டேன்."

"தேறாமல் என்ன? நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன்.

விமானம் மைசூருக்குப் போனால் நான் எங்கே போவேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

நல்ல வெயில். விமானத்தை வெளியே தள்ளி எஞ்சினை ஓட்டினேன். மெதுவாக ஓடும்போது ஒன்றுமில்லை. வேகம் கூட்டியதும் இருக்கை நடுங்கியது, முன்பலகையில் இருந்த மீட்டர் முள்ளெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. உடனே நிறுத்தினேன். இந்த ஆட்டத்தோடு பறந்தால் எஞ்சினைத் தாங்கும் குழாய்கள் ஒருநாள் விரிசல் விடும். அது தரையில்தான் நடக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

எஞ்சினுக்கு அடியில் உள்ள ரப்பர்கள் சரி. ஸ்பார்க் பிளக்குகள் சரி. பிளேடு நுனிக்கு எதிரே ஒரு முக்காலியை வைத்து, புரொப்பெல்லரைக் கையால் சுற்றிப் பார்த்தேன். இரண்டு நுனிகளும் ஒரே இடத்தைத் தொட்டுப் போயின. அதுவும் சரி. மிச்சம் எடைதான்.

டிசம்பர் 3

புரொப்பெல்லரைக் கழற்றி, அதன் நடு ஓட்டையில் எஃகுத் தண்டைச் செருகி, தராசுக் கத்தி போல விளிம்பு தீட்டிய இரண்டு எஃகுப் பட்டைகள் மேல் வைத்தேன். கதவைச் சாத்தினேன். மின்விசிறியை நிறுத்தினேன். மூச்சைக்கூட ஓரமாக விட்டேன். எடை சரியாக இருந்தால் எப்படி வைத்தாலும் அப்படியே நிற்க வேண்டும். நிற்கவில்லை. இரண்டாம் எண் எழுதிய பிளேடு மெல்லக் கீழே இறங்கியது. மறுபடி வைத்தேன். மறுபடி அதே.

டாக்டரம்மா கிளினிக்கிலிருந்து பல் அச்செடுக்கும் மெழுகு கொண்டுவந்தார். ரோஸ் நிறம். எடை குறைந்த ஒன்றாம் பிளேடின் நுனியில் துளித்துளியாக ஒட்டினோம். நிலக்கடலை அளவு மெழுகு ஏறியதும் தண்டு அசையாமல் நின்றது.

"கடவாய்ப் பல்லு பிடுங்கறதுக்குக் கூட இத்தன நேரம் ஆகாதுங்க."

"பல்லைப் பிடுங்கினால் ஒரு பல்தான் போகும், டாக்டரம்மா."

"பேச்சப் பாரு" என்று சிரித்தார். அவருக்கு மட்டும் என் பேச்சு பிடிக்கிறது.

இந்தப் புரொப்பெல்லரைச் செய்தவர் கோயம்புத்தூர் செல்லமுத்து. இரண்டு வருடம்கூட ஆகவில்லை. மரம் தேர்வு செய்யத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவருக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். மூன்றாம் பக்கம் நன்றாக அமைந்தது. "தங்கள் கவனக்குறைவு ஓர் உயிரைப் பறித்திருக்கக்கூடும்" என்ற வரியை இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

டிசம்பர் 7

ஒன்றாம் பிளேடுக்கு மூன்று கை வார்னிஷ் பூசி எடையைச் சரிக்கட்டினேன். மறுபடி மாட்டி ஓட்டியபோது எஞ்சின் மேல் வைத்த டம்ளரில் தண்ணீர் தளும்பவில்லை. லாக் புத்தகத்தில் எழுதினேன்: "தயாரிப்புக் குறை. சரிசெய்யப்பட்டது." கையெழுத்து அழகாக விழுந்தது.

டிசம்பர் 10

செல்லமுத்து போன் செய்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்து, பதிலையெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். அவர் கோபப்படவில்லை.

"கடுதாசி வந்துச்சுங்க சாமி. என்னோட கை தப்புன்னா மாத்திச் செஞ்சு தர்றேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மழையில வண்டி நின்னப்ப அதப் படுக்க வெச்சிருந்தீங்களா, நிக்க வெச்சிருந்தீங்களா?"

"ஏன்?"

"நிக்க வெச்சா மரத்துல ஏறுன ஈரம் அடிப் பிளேடுக்கு எறங்கிருமுங்க. காஞ்சா சரியாயிரும். நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததா?"

தெரியாததா! விமானப் பொறியியலில் நான் முதல் வகுப்பு. ஈரம் இறங்கும் என்பதற்காகத்தான் சீட்டில் ஏழாவது கட்டமே வைத்தேன்.

"படுக்கையாகத்தான் இருந்தது" என்றேன்.

"அப்ப என்னோட கைதானுங்க" என்றார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு என் மனைவி வசுமதி கத்தரிக்காய் வதக்கியிருந்தாள். உப்பு அதிகம். சொன்னேன். "நேத்தும் இதே உப்புதான்" என்றாள்.

டிசம்பர் 25

டாக்டரம்மா எனக்கொரு பரிசு கொடுத்தார். அன்று பிடித்த படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டிருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே மழை, நாற்காலியில் நான், மடியில் புத்தகம். என் முகத்தில் இப்படி ஒரு திருப்தி இருக்கும் என்று எனக்கே தெரியாது. எனக்குப் பின்னால் புரொப்பெல்லர் கொடிக்கம்பம் போல நிமிர்ந்து நிற்கிறது. இரண்டாம் எண் கீழே. எண்ணைத் தெளிவாகப் படிக்க முடிகிறது. இப்போதைய செல்போன்களில் கேமரா தேவைக்கு மேல் நன்றாக இருக்கிறது.

ஹேங்கர் சுவரில் அவரே மாட்டினார்.

ஜனவரி 1

உரக்கடையில் காலண்டர் கொடுத்தார்கள். ஹேங்கரில் மாட்டினேன். சுவரில் ஒரே ஆணிதான் இருந்தது. படத்தின் மேலேயே மாட்ட வேண்டியதாயிற்று.

ஜனவரி 4, ஞாயிறு

எஞ்சினை ஓட்டினேன். ஆட்டம் திரும்பி வந்துவிட்டது.

புரொப்பெல்லரைக் கழற்றித் தண்டில் வைத்தேன். இந்தத் தடவை இறங்கியது ஒன்றாம் எண். வார்னிஷ் பூசிய பிளேடு. ஒரு மாத வெயிலில் இரண்டாம் எண் லேசாகிவிட்டது.

காரணம் விளங்கவில்லை.

அதே நாள், மாலை

விளங்குகிறது.

ஜனவரி 5

சோதனைக்கு வரும் ஆளின் பெயரை டாக்டரம்மா இன்றுதான் சொன்னார். இருதயராஜ். பெங்களூரில் ஓய்வு பெற்று, இப்போது சிறு விமானங்களைச் சோதித்துச் சான்று தருகிறானாம்.

உலகத்தில் வேறு ஆளே இல்லையா?

இருதயராஜும் நானும் ஒரே நாளில் தொழிற்சாலையில் சேர்ந்தவர்கள். மாமரம் உள்ள குவார்ட்டர்ஸ் எனக்கு வர வேண்டியது, அவனுக்குப் போனது. அதோடு பேச்சை நிறுத்தினேன். அதற்கடுத்த வருடம், 2005இல், ஒரு பயிற்சி விமானத்தின் புரொப்பெல்லர் போல்ட்டுகள் எட்டையும் முறுக்கியதாகக் கையெழுத்துப் போட்டு ஷிப்ட் முடித்துப் போனேன். அடுத்த ஷிப்டுக்கு வந்த இவன் ஒரு போல்ட்டை விரலால் திருகிப் பார்த்திருக்கிறான். திரும்பியதாம். காதோடு காதாக என்னிடம் சொல்லியிருக்கலாம். எழுதினான். மேலதிகாரிக்கு, நகலோடு. என் பதவி உயர்வு அத்தோடு நின்றது. மூன்று வருடம் பல்லைக் கடித்திருந்துவிட்டு ராஜினாமா செய்தேன்.

அந்த எட்டு போல்ட்டுகளையும் நான் முறுக்கினேன். ஏழு போல்ட்டுகளை நிச்சயமாக.

ஜனவரி 6

காலையில் தோசை தின்றுகொண்டே வசுமதியிடம் சொன்னேன்.

"இருதயராஜா? அன்னிக்கு சாயங்காலம் போன் பண்ணினாரே, அவரா?"

"எந்த அன்னிக்கு?"

"அந்த போல்ட்டுப் பிரச்சினை அன்னிக்குத்தான். ரெண்டு தடவை பண்ணினாரு. ஏதோ அவசரமாச் சொல்லணும்னாரு. தூங்குறேன்னு சொல்லுன்னு நீங்கதானே கையை ஆட்டினீங்க?"

"எனக்கு நினைவில்லை."

"எனக்கு இருக்கு. கையில முறுக்கு வச்சிருந்தீங்க."

சட்னி சரியில்லை என்று எழுந்துவிட்டேன்.

ஜனவரி 17, சனி

ஒன்றாம் பிளேடிலிருந்து வார்னிஷை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்தேன். இரண்டு கை போயிற்று, ஒரு கை மிச்சம். இன்றைக்குத் தண்டில் அசையாமல் நிற்கிறது. இன்றைக்கு.

இரண்டாம் எண்ணுக்குள் இன்னும் எவ்வளவு ஈரம் பாக்கி என்று தெரியாது. மீதியும் காய்ந்தால் எடை மறுபடி மாறும். அடுத்த வாரம் இருதயராஜ் வரும்போது சரியாக நிற்கும், கையெழுத்துப் போடுவான், விமானம் மைசூர் போகாது. அதற்குப் பிறகு மாறினால், மாறியது எனக்குத் தெரியும் முன்பே டாக்டரம்மா பழனி மலைக்கு மேலே இருந்தால்?

மாறாமலும் போகலாம். ஒருவேளை முழுக்கக் காய்ந்திருக்கலாம்.

சொல்லிவிட்டால் அவன் கையெழுத்துப் போட மாட்டான். அதில் சந்தேகமே இல்லை. அவனை எனக்குத் தெரியும்.

ஜனவரி 23

நாளை. ஹேங்கரைப் பெருக்கினேன். நாற்காலியை மடக்கி ஓரம் வைத்தேன். காலண்டரை ஒரு தடவை கழற்றி, மறுபடி மாட்டினேன்.

ஜனவரி 24, சனி

ஒன்பது மணிக்கு வந்தான். தலை முழுக்க நரைத்து, மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி.

"என்னடே வேங்கடம், ஆளு அப்படியே இருக்க?"

"சோதனையை ஆரம்பிக்கலாம்" என்றேன்.

"மொகமும் அப்படியேதான் இருக்கு" என்று சட்டைக் கையைச் சுருட்டினான்.

மூன்று மணி நேரம் பார்த்தான். ஒவ்வொரு கீலையும் ஆட்டிப் பார்த்தான், ஒவ்வொரு கம்பியையும் விரலால் தடவினான். ஒழுங்காகப் பார்க்கிறான் என்பதை மறுக்க முடியாது. டாக்டரம்மா கிளினிக்கை மூடிவிட்டு வந்து, தேர்வு எழுதிய பிள்ளை போலக் கையைக் கட்டி நின்றார். கடைசியில் புரொப்பெல்லரைத் தண்டில் வைத்தான். நின்றது. அரைச் சுற்றுத் திருப்பினான். நின்றது.

"செல மாதிரி நிக்கிடே" என்றான். என் வாரச் சீட்டுகளைப் புரட்டினான். "இந்தச் சீட்டு நல்லாருக்கு. ஆரு பண்ணுனது?"

"சார்தானுங்க" என்றார் டாக்டரம்மா.

இருபது வருடத்துக்கு முன் யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னது இவன். அதுவும் இன்றைக்கு.

லாக் புத்தகத்தைத் திறந்தான். பேனா மூடியைக் கழற்றினான். "தயாரிப்புக் குறைன்னு எழுதியிருக்க. சரி. இந்த எடை எத்தன நாளா மாறாம நிக்கி?"

ஒரு மாதம் என்று சொல்ல வாயெடுத்தேன். டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியாது. நான் என்ன சொன்னாலும் நம்பி ஏறுவார்.

சுவருக்குப் போய்க் காலண்டரைக் கழற்றினேன்.

"அட, என்னோட போட்டோ!" என்றார் டாக்டரம்மா. "காலண்டருக்கு அடியிலயா வெச்சிருந்தீங்க?"

இருதயராஜ் இரண்டாவது கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி, படத்தை நெருங்கிப் பார்த்தான். நவம்பர்ச் சீட்டுகளைப் பார்த்தான். மறுபடி படத்தை.

"எத்தன வாரம்?"

"ஆறு."

"நாற்காலிக்காகவா?"

"நாற்காலிக்காக."

அவன் பேனாவை வாங்கி, லாக் புத்தகத்தில் நானே எழுதினேன். அக்டோபர் மத்தியிலிருந்து நவம்பர் இறுதிவரை புரொப்பெல்லர் செங்குத்தாக நிறுத்தப்பட்டது; ஏழாவது கட்டம் பார்க்காமல் நிரப்பப்பட்டது; தயாரிப்பில் குறை இல்லை; மரம் இன்னும் காய்கிறது; எடை நிலைக்கும் வரை பறக்கக் கூடாது. கையெழுத்து கோணலாக விழுந்தது.

டாக்டரம்மாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "இன்னிக்கு பாஸாயிருந்தா நாளைக்கு நான் ஏறியிருப்பேனுங்களே சார்" என்றார். சத்தம் போட்டிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் சொன்னார். வெளியே போய், ஓடுதளத்தைப் பார்த்து நின்றுகொண்டார்.

இருதயராஜ் கையெழுத்துப் போடவில்லை. பெயில் என்றும் எழுதவில்லை. "சோதனை முடியவில்லை" என்று எழுதினான். மிச்ச வார்னிஷையும் எடுத்துவிட்டு, மூன்று சனிக்கிழமை தொடர்ந்து எடை பார்த்துக் குறிக்க வேண்டும். மூன்றாவது சனிக்கிழமை அவனே வருவான்.

டாக்டரம்மா உள்ளே வந்ததும் அவரிடம் சொன்னான். "உங்க மகன் கேட்டா, சோதனை நடந்துட்டிருக்குன்னு சொல்லுங்கம்மா. பொய்யில்ல."

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "ஒம்பது வருசம் கட்டுனவளுக்கு மூணு வாரம் ஒரு பெரிய விசயமுங்களா." பிறகு என்னைப் பார்த்தார். "சனிக்கெழமை மெழுகு கொண்டாரேன்."

கிளம்பும்போது பைக்கைத் தள்ளிக்கொண்டே இருதயராஜ் கேட்டான். "அன்னைக்கு எழுதறதுக்கு முன்னால ஒனக்கு ரெண்டு தடவ போன் போட்டேன் கேட்டியா? தூங்குதான்னு சொன்னாவ."

"தூங்கவில்லை" என்றேன்.

"தெரியும்டே. முறுக்கு கடிக்கிற சத்தம் கேட்டுது."

ஜனவரி 31, சனி

ஒன்றாம் எண்ணில் துளி வார்னிஷ் மிச்சமில்லை. இரண்டாம் எண் கனம். மெழுகு மிளகளவு. ஈரம் இருக்கத்தான் இருந்திருக்கிறது.

செல்லமுத்துவுக்குக் கடிதம் எழுதினேன். அரைப் பக்கம். முந்தைய நான்கு பக்கத்தைவிட நேரம் பிடித்தது.

பிப்ரவரி 7, சனி

மெழுகு கடுகளவு. டாக்டரம்மா முறுக்குக் கொண்டுவந்தார். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "வசுமதியக்கா" என்றார். வசுமதி அவரைவிடப் பத்து வயது சின்னவள். இந்த ஊரில் அக்காவுக்கு வயதுக் கணக்கு இல்லை.

செல்லமுத்துவிடமிருந்து பதில் இல்லை. எனக்கு வேண்டியதுதான்.

பிப்ரவரி 14, சனி

மெழுகு தேவைப்படவில்லை. தண்டில் எப்படி வைத்தாலும் நின்றது. மாட்டினோம். எட்டு போல்ட்டுகளையும் முறுக்கினேன். இருதயராஜ் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றாக விரலால் திருகிப் பார்த்தான். எட்டும் அசையவில்லை. கையெழுத்துப் போட்டான்.

நாலரை மணிக்கு டாக்டரம்மா தனியாக ஏறினார். காற்று பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமிருந்து ஒரே சீராக வந்தது. புல் ஓடுதளத்தில் பாதிகூடப் போகவில்லை, எழும்பிவிட்டார். காற்றாலைகளுக்கு மேலாகத் திரும்பி, எங்கள் தலைக்கு மேல் ஒரு சுற்று வந்தார். எஞ்சின் சத்தத்தில் ஒரு பிசிறு இல்லை. இருதயராஜ் தலையைச் சாய்த்துக் கேட்டான். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இறங்கியதும் முதலில் மகனுக்குப் போன் போட்டார். "எழுபது வயசு வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது, சாமி. வாக்கு."

செல்லமுத்துவிடமிருந்து ஒரு பார்சல் வந்திருந்தது. புரொப்பெல்லருக்கு மாட்டும் துணி உறை, அவரே தைத்தது. உள்ளே ஒரு சீட்டு: "படுக்க வச்சுப் போடவும்."

இருதயராஜ் மேல் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. மூன்றாவது தடவையும் போன் செய்திருக்கலாம். மாமரம் விஷயம் தனி. அடுத்த மாதம் சும்மா வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். வரட்டும்.

எல்லோரும் போனபின் விமானத்தை உள்ளே தள்ளினேன். புரொப்பெல்லரைக் கிடைமட்டமாகத் திருப்பி உறையை மாட்டினேன். பிளேடு ஜன்னலோரத்தைப் பழையபடி அடைத்துக்கொண்டது. வாரச் சீட்டை எடுத்தேன். ஆறு கட்டம் முடிந்து ஏழாவது வந்ததும், இப்போதுதான் என் கையால் திருப்பியது என்றாலும், எழுந்து போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து டிக் போட்டேன்.

நாற்காலியை வாசலுக்கு வெளியே போட்டுக்கொண்டேன். வெயில் முகத்தில் அடிக்கிறது. பரவாயில்லை.